மருந்துக்குக் கேட்காத பூஞ்சை: முதலில் அதன் பெயரைக் கேளுங்கள்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோபீனலேட், பிரெட்னிசலோன் என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மூன்று மாத்திரைகளையும் நாள் தவறாமல் சாப்பிடுகிறார். ஏழு மாதமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம், அப்புறம் ஒரு மாதம் டெர்பினபின் மாத்திரை, எதற்கும் அடங்கவில்லை. இதற்கிடையில், அப்பாவோடு முன்பு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவர் ஐ.சி.யு.வில் இறந்துபோனார். "ரத்தத்தில் பூஞ்சை, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை" என்று அந்த வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அப்பாவுக்கு வந்திருப்பதும் அதுதானா? ரத்தத்துக்குப் போய்விடுமா? அவர் ரப்பர் தோட்டத்துக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, மருத்துவமனை ஆய்வகத்தில் பூஞ்சைகளை வளர்த்து அடையாளம் காண்பது என் வேலை. இருபது வருடம் தாண்டிவிட்டது. நான் மருந்து எழுதித் தருகிறவன் இல்லை. ஆனால் எந்தப் பூஞ்சை எந்த மருந்துக்கு மடங்கும், எதற்கு மடங்காது என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அப்பாவுக்கு வந்திருப்பது அது இல்லை. இரண்டுக்கும் பூஞ்சை என்றுதான் பெயர். குளச்சல் கடற்கரையில் நெத்திலியும் மீன்தான், சுறாவும் மீன்தான். அதற்காக இரண்டுக்கும் ஒரே வலையைப் போட முடியாது. படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழ்கிற இனம். ரத்தத்தில் இறங்கிப் பரவுவது அதன் வழக்கமில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் எப்போதாவது தோலுக்குள்ளேயே ஆழமாக இறங்கி, சின்னச் சின்னக் கட்டிகளாக நிற்பதுண்டு. அப்பாவின் தோலைத் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் தோல் டாக்டரிடம் உடனே போக வேண்டும்.

சரி, பின்னே ஏன் அடங்கவில்லை? நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஏழு மாதத்தில் ஒருவரும் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்ததாக அதில் இல்லை. எனக்கு மனம் பொறுக்காத இடம் அதுதான். அந்தச் சோதனை அவ்வளவு எளிது. கூரான பிளேடை வளையத்தின் ஓரத்தில் வைத்து மெல்லச் சுரண்டினால் தவிடு மாதிரி செதில் உதிரும். நடுவில் சுரண்டினால் பிரயோசனமில்லை. பூஞ்சை ஓரத்தில்தான் மேய்ந்துகொண்டு முன்னேறும். செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, லேசாகச் சூடு காட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், மங்கலான வெளிச்சத்தில் குறுக்குச் சுவர் போட்ட இழைகள் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. பூஞ்சைதானா, இல்லை சொரியாசிஸ், எக்சிமா மாதிரி வேறு ஏதாவதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். எந்த இனம் என்று தெரிய அதே செதிலை வளர்ப்புத் தட்டில் போட்டு, நான்கு வாரம்வரை காத்திருக்க வேண்டும்.

இனம் தெரிவது ஏன் முக்கியம் என்றால், கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் நம் நாட்டுப் படர்தாமரையே ஆள் மாறிவிட்டது. முன்பு இரண்டு வாரக் க்ரீமில் போனது இப்போது வீட்டில் எல்லோருக்கும் பரவி மாதக்கணக்கில் நிற்கிறது. இப்படி அடங்காமல் நிற்கும் ஒரு வகைக்கு 2020-ல் தனிப் பெயரே வைத்தார்கள்: ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே. பெயருக்குள்ளேயே இந்தியா இருக்கிறது. பூஞ்சை தன் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தயாரிக்கும்; அந்தத் தயாரிப்பில் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்துவதுதான் டெர்பினபின் செய்கிற வேலை. இந்தப் புது வகையில் பலவற்றுக்கு அந்த நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போயிருக்கிறது. மருந்து வந்து ஒட்ட இடமில்லை. அப்பா ஒரு மாதம் சாப்பிட்டும் பலனில்லாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் அந்த க்ரீம். ட்யூபை எடுத்து, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்து விற்பது நம் நாட்டில் வெகுகாலமாக நடக்கிறது. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கிவிடும். குணமாகிவிட்டது என்று விடுவோம். உண்மையில் அந்த இடத்தில் தோலின் காவலைத்தான் ஸ்டீராய்டு அடக்கியிருக்கிறது. பூஞ்சை சத்தமில்லாமல் பரவி, பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பாதி மருந்தில் சாகாமல் தப்பியவைதான் மறுபடி வளரும் என்பதால், மருந்துக்கு மடங்காத வகை தேறி நிற்க அதுவே வழி செய்கிறது. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது; கேட்டால் கிடைக்கவும் செய்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு கெட்டது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவின் பிரெட்னிசலோன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் மாற்றிய கிட்னியைக் காப்பாற்றும் மருந்து. நிறுத்த வேண்டியது பூசுகிற க்ரீமை மட்டும்தான். நிறுத்திய முதல் வாரம் அரிப்பும் சிவப்பும் கூடும். அதற்குப் பயந்து மறுபடி பூசத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

தோல் டாக்டர்கள் அடுத்துப் பெரும்பாலும் இட்ராகோனசோலுக்குத்தான் போவார்கள். அப்பா விஷயத்தில் என் பெரிய கவலை இங்கேதான். ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் என்று 'கோனசோல்' என முடியும் மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம், அசோல் என்பார்கள். டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை இவை தடுத்துவிடும். அப்பா சாப்பிடும் டாக்ரோலிமஸ் அளவு மாறாது. ஆனால் ரத்தத்தில் அது சில நாளிலேயே எக்கச்சக்கமாக ஏறும். கை நடுக்கம், தலைவலி, கிரியாட்டினின் உயர்வு என்று காட்டும். கிட்னியைக் காக்கிற மருந்தே கிட்னியைக் கெடுக்கும். அசோலை நிறுத்தும்போது நேர்மாறு: டாக்ரோலிமஸ் அளவு சரிந்து, உடம்பு கிட்னியை ஏற்க மறுக்கும் நிலை வரலாம். அதனால் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கிட்னி டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்த்துப் பார்த்து டோஸை மாற்றுவார்கள். தோல் டாக்டர் நாகர்கோவிலில், கிட்னி டாக்டர் திருவனந்தபுரத்தில் என்றால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற ஆள் நீங்கள்தான். மெடிக்கலில் "ஒரு ஃப்ளூகோனசோல் தாங்க" என்று வாங்கிப் போடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இனி இருக்கவே கூடாது.

இட்ராகோனசோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கேப்ஸ்யூல் வயிற்று அமிலத்தில்தான் நன்றாகக் கரையும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். கிட்னி மாற்றியவர்கள் பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுவார்கள். அது அமிலத்தைக் குறைத்துவிடும். மருந்து உள்ளே போகும், ரத்தத்தில் ஏறாது. பிறகு மருந்துக்குக் கேட்காத பூஞ்சை என்று பேர். என் மேஜைக்கு அப்படிப்பட்ட பேரோடு வந்த எத்தனையோ மாதிரிகள், தட்டில் மருந்தை வைத்துப் பார்த்தால் நன்றாக மடங்கியிருக்கின்றன. பழி பூஞ்சையின் மேல், தவறு கேப்ஸ்யூல் போட்ட நேரத்தில்.

இனி அந்த ஐ.சி.யு. விஷயம். அவருக்கு எந்தப் பூஞ்சை என்று அந்த வீட்டாருக்கே சொல்லப்படவில்லை. அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

பாக்டீரியாவுக்கு மருந்து டஜன் கணக்கில் உண்டு. ஆழமான பூஞ்சைத் தொற்றுக்கு முக்கியமாக மூன்று குடும்பம்தான்: அசோல்கள், ஆம்போடெரிசின் பி, எக்கினோகாண்டின் ஊசிகள். துணைக்கு ஃப்ளூசைட்டோசின். இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் அமைப்பில் நெருங்கிய உறவு. அதைக் கொல்வது நம்மையும் தொடும். ஆம்போடெரிசினைப் பாருங்கள், எர்கோஸ்டெராலில் ஒட்டிப் பூஞ்சையை அழிக்கும், கூடவே கிட்னியையும் பதம் பார்த்து, பொட்டாசியத்தை இறக்கிவிடும். கொழுப்பு உறையில் பொதிந்து வரும் லிப்போசோமல் வகை கிட்னிக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும், விலையில் காட்டாது. மூன்றே கதவு உள்ள வீட்டில் ஒன்றிரண்டு பூட்டிக்கொண்டால் என்ன நிலைமை என்று யோசியுங்கள்.

சில பூஞ்சைகளுக்குச் சில கதவுகள் பிறவியிலேயே பூட்டு. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சை நினைவிருக்கும். தமிழ்நாடு அந்த மே மாதம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு வாங்கியவர்கள். அந்த இனத்துக்கு ஃப்ளூகோனசோலும் வோரிகோனசோலும் வேலையே செய்யாது. யாரும் தவறாகப் பயன்படுத்தி அது பழகிக்கொண்டதில்லை, பிறப்பே அப்படி. ஆம்போடெரிசினும் அறுவையும்தான் அதற்கு முக்கிய வழி. புறாவின் எச்சத்தில் காணப்படும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றியவர்களுக்கும் மூளைக்காய்ச்சல் கொடுக்கும் கிரிப்டோகாக்கஸுக்கு எக்கினோகாண்டின் பலிக்காது. பெயர் தெரியாமல் மருந்து கொடுத்தால், அந்த நோயாளி வெறும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பதற்குச் சமம்.

மற்றவை பழகிப் பழகித் தேறியவை. அதில் ஐ.சி.யு.க்கள் அதிகம் அஞ்சுவது கேண்டிடா ஆரிஸ். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதலில் விவரித்தார்கள். 2013-ல் டெல்லி மருத்துவமனைகளிலிருந்து இந்திய அறிக்கை வந்தது. அமெரிக்காவில் பார்த்த மாதிரிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் ஃப்ளூகோனசோலுக்கும், 30 சதவீதம் ஆம்போடெரிசினுக்கும் மடங்கவில்லை. எக்கினோகாண்டினுக்கு மடங்காதவை 5 சதவீதத்துக்கும் கீழே. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் 19 பூஞ்சைகளின் பட்டியல் போட்டபோது மிக அபாயமான முதல் வரிசையில் நான்கை வைத்தது. அதில் இதுவும் ஒன்று. மருந்தை இது எப்படித் தாங்குகிறது என்றால், ஓட்டை வள்ளத்தில் ஏறும் தண்ணீரை ஆள் இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருப்பதைப்போல, உள்ளே வரும் அசோலைச் செல்லே வெளியே இறைத்துவிடும். போதாததற்கு, மருந்து ஒட்டும் நொதியின் வடிவத்தையும் மாற்றிக்கொள்ளும். கழுத்து நரம்பில் போட்ட குழாய்க்குள் படலமாகப் படிந்தால் மருந்து அதற்குள் இறங்குவதே கஷ்டம். அதனால்தான் ரத்தத்தில் கேண்டிடா வந்தால், முடிந்தவரை அந்தக் குழாயையே எடுத்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன், ஐ.சி.யு.வில் இருந்த ஒரு மீன்பிடித் தொழிலாளியின் ரத்த மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. தட்டில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சாதாரணக் கேண்டிடா போலவே வளர்ந்தது. அடையாளம் காணும் எந்திரம் கேண்டிடா ஹேமுலோனை என்று பெயர் சொன்னது. நானும் அப்படியே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு ஃப்ளூகோனசோல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வழக்கத்தில் இருந்த எந்திரங்களின் தரவில் ஆரிஸ் இல்லை. அவை ஆரிஸைப் பிடித்து ஹேமுலோனை என்று சொல்லும் என்பது எனக்கு அன்று தெரியாது. நான்காம் நாளும் ரத்தத்தில் அது வளர்ந்தபோதுதான் சந்தேகம் வந்து, 42 டிகிரியில் வளர்த்துப் பார்த்தேன். ஹேமுலோனை அந்தச் சூட்டில் வளராது. மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால் தட்டு நிறைய வளர்ந்து நின்றது. எக்கினோகாண்டினுக்கு மாற்றினார்கள், அதற்குள் தாமதமாகிவிட்டது, அவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து எந்திரம் சொல்கிற பெயரை நான் இன்னொரு வழியில் சரிபார்க்காமல் அனுப்புவதில்லை. இப்போது பூஞ்சையின் புரதங்களை எடை போட்டு இனம் சொல்லும் மால்டி-டாஃப் கருவி பெரிய ஆய்வகங்களில் இருக்கிறது, வேலை எளிதாகிவிட்டது.

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர்கூட முழுக் காவல் இல்லை. உடம்புக்குள் கேண்டிடா பரவியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் அது பிடிபடும். கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் டாக்டர் ஊசியைத் தொடர்ந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஆரிஸ் தோலில் ஒட்டிக்கொண்டு நோய் காட்டாமலே மாதக்கணக்கில் இருக்கும். கட்டில் கம்பியிலும் பி.பி. கருவியிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான தரை துடைக்கும் கிருமிநாசினிகளில் பலவற்றுக்கு அது சாகாது, குளோரின் கரைசல் வேண்டும். கைக்கு ஆல்கஹால் போதும். வீட்டில் ஆரோக்கியமாக இருப்பவர்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நம் மாவட்டத்து நோயாளி ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் தொடங்கி, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போய், திரும்பி வந்து ஊர்ப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுப்பார். போகிற இடமெல்லாம் அந்தப் பூஞ்சையும் கூடவே போகும், அதன் பெயர் மட்டும் போகாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஃபங்கல் இன்ஃபெக்ஷன்' என்று மட்டும் இருந்தால், என்ன பூஞ்சை, எந்த மருந்துக்கு மடங்கியது என்ற கல்ச்சர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. அடுத்த ஆஸ்பத்திரியில் படுக்கை போடும் முன்பே அதைக் காட்டுங்கள்.

தோட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். இதில் கவனிக்க வேண்டியது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற காற்றுப் பூஞ்சை. மக்கிய இலை, வைக்கோல், உரக்குழி, பூசணம் பிடித்த கொப்பரை, எல்லாவற்றிலும் இருக்கும். நம் நுரையீரலுக்குள் தினமும் அதன் வித்துகள் போகத்தான் செய்கின்றன. நல்ல எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஒன்றும் செய்யாது. மாற்றுக் கிட்னிக்காரர்களுக்கு அது நிமோனியாவாக இறங்கலாம். அதிலும் அசோலுக்கு மடங்காத வகை வயலிலேயே உருவாகிறது. வாழையின் சிகடோகா இலைப்புள்ளிக்கு அடிக்கும் புரோபிகோனசோல், நெல்லின் இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல் இவை ஆஸ்பத்திரி அசோலுக்கு ஒன்றுவிட்ட உறவு. வயலில் அதற்குப் பழகிய வித்து, ஆஸ்பத்திரிக்கு வரும்போது வோரிகோனசோலுக்கும் மடங்காது. நெதர்லாந்தில் இந்தத் தொடர்பை முதலில் கண்டார்கள். 2012-ல் இந்திய மண்ணிலிருந்தும் அத்தகைய வகையைக் கண்டறிந்து எழுதினார்கள். விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இலை காய்ந்தால் மட்டி வாழையும் செவ்வாழையும் குலை தள்ளாது என்பது எனக்கும் தெரியும். பயிருக்கும் மனிதனுக்கும் ஒரே குடும்பத்து மருந்தை விட்டதுதான் சிக்கல்.

அதனால் அப்பா தோட்டத்தில் நடக்கலாம், பால்வெட்டை மேற்பார்க்கலாம். உரக்குழி கிளறுவது, வைக்கோல் உதறுவது, மழைக்காலத்தில் பூசணம் பிடித்த ரப்பர் ஷீட்டைத் தேய்த்துத் துடைப்பது, புறாக்கூட்டைச் சுத்தம் செய்வது இதெல்லாம் வேறு யாராவது செய்யட்டும். தவிர்க்க முடியாத நாளில் என்95 மாஸ்க். துணி மாஸ்க் வித்தைத் தடுக்காது. மூன்று நாளுக்கு மேல் இருமலோ காய்ச்சலோ நின்றால், சளியில் ரத்தம் கண்டால், முகத்தில் ஒரு பக்கம் வலித்து வீங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

படர்தாமரைக்கு வீட்டில் செய்ய வேண்டியது: அப்பாவுக்குத் தனித் துவர்த்து, அதாவது துண்டு. ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் உள்ளாடை அரை ஈரத்தோடுதான் கொடியிலிருந்து வரும். நன்றாக இஸ்திரி போட்டுக் கொடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது வளையம் இருந்தால் அவர்களையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் அந்த க்ரீம் ட்யூபையும், டெர்பினபின் அட்டையையும், அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்னி டாக்டரின் கடைசிச் சீட்டும், கடைசியாகப் பார்த்த டாக்ரோலிமஸ் அளவும் கூட இருக்கட்டும். பூஞ்சை மருந்து பூசியிருந்தால் சுரண்டலில் இழை தெரியாமல் போகலாம். சுரண்டுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பூச்சை நிறுத்தலாமா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். எந்த நாள் நிறுத்தினீர்கள் என்பதை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வைத்தால் ஆய்வகத்தில் இருக்கிறவருக்கு உதவும்.